முதல் பேஸ் பக்கம் திரும்பும் தலைகள்

பள்ளிப் பயிற்றுநர்கள் கூடும் இடங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெயரையும் பள்ளியையும் சொன்னதும் உட்கார விடமாட்டார்கள். எங்கே விளையாடினீர்கள், எந்த இடத்தில் நின்றீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜொகூர் மாநிலத்துப் பத்து பாகாட் வட்டாரத்தின் சாஃப்ட்பால் பயிற்றுநர்கள் கூட்டத்துக்கு நான் முதன்முதலாகப் போன அன்று, எனக்கு முன்னால் எழுந்தவர் கணக்கியல் போதிக்கும் சீன ஆசிரியை. வலக்கைச் சுண்டுவிரலை உயர்த்திக் காட்டினார். பாதியில் கோணலாகத் திரும்பியிருந்தது. மாநில அணியில் குந்தியிருந்து பந்து பிடித்த காலத்துக்கு அதுதான் சான்றிதழ் என்றார். கைதட்டினார்கள். அடுத்தவர் ஒரு மலாய்க்காரர், இராணுவ அணியில் ஆடிவிட்டு ஆசிரியப் பணிக்கு வந்தவர். காற்சட்டையைச் சுருட்டி முழங்காலில் இருந்த தையல் தழும்பைக் காட்டினார். அதற்கும் கைதட்டல்.

பிறகு அவர் எழுந்தார். நம்மவர்தான்; என்னைவிடச் சில வயது மூத்தவர். ஜொகூர் பாருவிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் ஜே.பி.காரர். இங்கும் அப்படியே எழுதுகிறேன். அவர் தழும்பு எதையும் காட்டவில்லை. அப்பா பள்ளியில் விளையாட்டு ஆசிரியர், வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே கையுறை கிடக்கும், அதனால் விளையாடாமல் இருக்க வழியில்லாமல் போயிற்று என்றார். மாநிலத்துக்கு ஆடியிருக்கிறார். விளையாட்டு ஒதுக்கீட்டில் பல்கலைக்கழகம் போயிருக்கிறார். அப்புறம் சில ஆண்டுகள் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பயிற்சி கொடுத்திருக்கிறார்.

"ஏன் விட்டீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஜேம் லா. பாலத்துல நின்னு நின்னே கால் போச்சு," என்றார். சிரிப்பு.

எங்கள் தோட்டத்தில் சிங்கப்பூர் வேலைக்காகக் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். வாகன நெரிசலுக்காக ஒருவர் அந்த வேலையை உதறிவிட்டு வந்திருக்கிறார். அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்கிறார். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டது.

என் முறை வந்தது. கணிதம் போதிக்கிறேன் என்றேன். அவர்கள் காத்திருந்தார்கள். சாஃப்ட்பால் ஆடியதில்லை என்றேன். இராணுவக்காரர் இரக்கப்பட்டு, வேறு ஏதாவது விளையாட்டு உண்டா என்று கேட்டார். கபடி என்றேன். அதை யாரும் கேலி செய்யவில்லை; ஆனால் கைதட்டவும் இல்லை.

நான் பயிற்றுநரான கதை ஒரு நிமிடக் கதை. காஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா குலை வெட்டியவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து ஐந்தாம் படிவம் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போனதும் நான்தான். இந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்த வாரத்தில், பெண்கள் சாஃப்ட்பால் அணியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியை வேறு மாநிலத்துக்கு மாற்றலானார். பள்ளி முதல்வர் என்னைக் கூப்பிட்டு மேலும் கீழும் பார்த்தார். இளைஞர், திருமணமாகவில்லை, மாலையில் வீட்டுக்கு ஓடவேண்டிய அவசியமில்லை. தகுதிகள் அத்தனையும் பொருந்திவிட்டன. நம் நாட்டுப் பள்ளிகளில் பாதிப் பயிற்றுநர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மற்றப் பாதி ஜே.பி.காரரைப்போல் பிறக்கிறார்கள்.

வார விடுமுறையில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். "படிச்சு வாத்தியாராயிட்டு, பொம்பளப் புள்ளைங்களுக்குப் பந்து பொறுக்கப் போறியாடா?" என்றார். அம்மா, "சும்மா இருங்க, சம்பளம் கூடுதலா வரும்," என்றார். வரவில்லை.

படித்துத்தான் எல்லாவற்றையும் அடைந்தவன் நான். இதையும் படித்துவிடலாம் என்று நம்பினேன். இரண்டு மாதம் இணையத்தில் காணொளிகள் பார்த்தேன். ஓட்டக்காரர் தொட்டு நிற்கவேண்டிய இடமான பேஸை விட்டு எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நிற்கவேண்டும், பந்தெறிபவரின் தோள் அசைவதைப் பார்த்து எப்படிப் பாயவேண்டும் என்று தாளில் கோடு போட்டுக் கோணம் பிரித்துப் பிள்ளைகளுக்கு விளக்கினேன். அவர்களும் நன்றாகவே பழகினார்கள். எங்கள் முதல் நட்புமுறை ஆட்டம் ஜே.பி.காரரின் பள்ளியோடு. முதல் பேஸை அடைந்த என் பிள்ளை, கற்றுக்கொடுத்தபடி இரண்டடி நகர்ந்து நின்றாள். எதிரணிப் பெண் பந்தை எறிவதற்குள் நடுவர் கையை உயர்த்தி அவளை வெளியேற்றினார். அடுத்தவளும் நகர்ந்தாள், அவளும் வெளியே. மூன்றாமவள் அழுதுகொண்டே வெளியே வந்தாள். நான் நடுவரோடு மல்லுக்கு நின்றேன்.

ஜே.பி.காரர் மைதானத்தைச் சுற்றி மெதுவாக நடந்து வந்தார். என் தோளில் கைபோட்டுக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனார்.

"தம்பி, எதுல பாத்துப் படிச்சீங்க?"

"வீடியோலண்ணே."

"யார் ஆடுறது? அமெரிக்காக்காரனா? ஆம்பளைங்களா?"

"ஆமா."

"அலமாக்! அது பேஸ்பால் லா தம்பி. இது சாஃப்ட்பால். பந்து எறியுறவ கையை விட்டுப் போனப்புறம்தான் பேஸை விட்டு நகரணும். முன்னாடி நகந்தா அவுட்டு."

இரண்டு மாதமாக நான் வேறொரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்திருந்தேன். அவர் குனிந்து சிரிப்பை அடக்கினார். பிறகு நிமிர்ந்து, "யாருகிட்டயும் சொல்லமாட்டேன், போங்க," என்றார். சொல்லவும் இல்லை. ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தால் நான் அவரை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அடுத்த கூட்டத்தில் என்னைப் பார்த்து அவர் தலையசைத்தபோது, அந்த மௌனத்தை வட்டி கட்ட வேண்டிய கடனைப்போல் சுமந்துகொண்டு நின்றேன்.

அவரிடம் எனக்குப் பொறாமை வந்த இடங்களைச் சொல்லி முடியாது. அவருடைய பந்துப் பை நாற்றமடிக்காது. அவர் பயிற்சிக்குத் தாமதமாக வந்தாலும் பிள்ளைகள் தாமாகவே ஓட ஆரம்பித்திருப்பார்கள். பந்தை அவர் எறிவதே பேச்சுக்கு நடுவில் தலைமுடியைக் கோதுவதுபோல இருக்கும். நான் எறியும்போது என் நாக்கு வெளியே வந்துவிடுகிறது என்று என் மாணவிகளே சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. பிள்ளைகள் அவரை "கோச்" என்று கூப்பிடுவார்கள். என்னை "சிக்கு" என்றுதான். மலாயில் எல்லா ஆசிரியருக்கும் அதுதான் சொல். அறிவியல் ஆசிரியரும் சிக்கு, கட்டொழுங்கு ஆசிரியரும் சிக்கு. மைதானத்தில் தொப்பி போட்டு, விசில் மாட்டி, வெயிலில் கருத்து நிற்கும் நானும் சிக்கு.

என்னிடமும் ஒன்று இருந்தது. கபடியில் பாடிப்போனவன் பிடிபட்ட பிறகும் நடுக்கோட்டைத் தொட எப்படிப் பாய்கிறான்? மார்பைத் தரையோடு வைத்து, ஒரு கையைப் பாம்புபோல் நீட்டி, மறு கையை உடலோடு ஒட்டி. பேஸைத் தொடுவதற்கும் அது போதும் என்று ஒரு நாள் தோன்றியது. புல்தரையில் தண்ணீர் ஊற்றி என் பிள்ளைகளை வயிற்றில் வழுக்கவிட்டேன். மற்றவர்கள் காலை நீட்டி வழுக்குவார்கள். என் பிள்ளைகளோ பேஸின் ஓரமாகத் தாண்டிப் போய்க் கையை மட்டும் பின்னால் போட்டுத் தொட்டார்கள். பந்தால் தொட்டு வெளியேற்றக் காத்திருப்பவளுக்கு ஒரு விரல் நுனிதான் கிடைக்கும். வட்டாரத்தில் அதற்குப் பெயரே வந்துவிட்டது. "கபடி வருது, கபடி வருது," என்று மற்றப் பள்ளிப் பிள்ளைகள் மலாயில் கத்துவார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக, மைதானத்தில் எனக்கென்று ஒன்று.

ஜே.பி.காரர் வந்தார். "தம்பி, இதை நம்ம புள்ளைங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுக்கலாமா? நீங்க ஓகேன்னா மட்டும்தான்."

எப்படி முடியாது என்பது? சரி என்றேன். ஒரே வாரத்தில் அவருடைய பிள்ளைகள் அதை என் பிள்ளைகளைவிட அழகாகச் செய்தார்கள். கேட்டவர்களிடமெல்லாம் அவர், "இது என் ஐடியா இல்ல, தம்பியோடது," என்று வேறு சொன்னார்.

இந்த ஆண்டு வட்டார இறுதியாட்டத்தில் எங்கள் இரு பள்ளிகளும் மோதின. எங்கள் வட்டாரத்தில் எழுதாத விதி ஒன்று உண்டு: வெல்லும் பள்ளியின் பயிற்றுநரே, எல்லாப் பள்ளிகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கும் கூட்டு அணியை மாநிலப் போட்டிக்கு அழைத்துப் போவார். அவருக்கு முதுகில் "பயிற்றுநர்" என்று மலாயில் அச்சடித்த சட்டை கிடைக்கும். ஜே.பி.காரர் வந்ததிலிருந்து அந்தச் சட்டை அவருக்கே போனது. எனக்கு அது வேண்டும். வேறு எதையும் நான் அப்படி வேண்டியதில்லை. ஆசிரியர் பணிக்கான கடிதத்துக்குக்கூட இவ்வளவு ஏங்கியதில்லை. அதற்குப் படித்தேன், வந்தது. இது படித்து வருவதில்லை.

ஒரே ஓட்டத்தில் ஜெயித்தோம். எப்படி என்று விவரித்தால் தற்பெருமையாகிவிடும். அவருடைய நல்ல பந்தெறியாளருக்கு அன்று காய்ச்சல் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டம் முடிந்து கூடாரத்தின் கீழ் கூட்டம். வட்டாரச் செயலாளர், ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு மலாய் ஆசிரியை, எனக்கு வாழ்த்துச் சொன்னார். அப்புறம் தொண்டையைச் செருமினார். மாநில அளவு என்பது வேறு, அனுபவம் தேவை, இந்த ஒரு முறை மட்டும் நான் பெரிய மனது பண்ணினால் என்ன என்று ஆரம்பித்தார். பெரிய மனது என்னிடம் இல்லை என்று எந்த மொழியில் சொல்வது என்று தெரியவில்லை.

ஜே.பி.காரர் நெகிழிக் கோப்பையில் ஐஸ் தேநீரோடு கடைசியில் உட்கார்ந்திருந்தார். "வழக்கம்னா வழக்கம்," என்றார் மலாயில். "போன வருசம் நான் ஜெயிச்சப்போ யாரும் என் பெரிய மனசைக் கேக்கலையே. அவர்தான் பயிற்றுநர். நான் வேணும்னா துணைக்கு வரேன்." முடிந்தது. நான் ஜெயித்து வாங்கிய சட்டையை அவர் கையால் எனக்குப் போட்டுவிட்டார்.

மாநிலப் போட்டி ஜொகூர் பாருவில் நடந்தது. அதாவது அவர் ஊரில். மைதானத்தில் புல்வெட்டும் இந்தோனேசியர் அவரைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினார். சிற்றுண்டிக் கடைக்காரம்மா, "ஐயோ, எளைச்சுட்டியே அய்யா!" என்று கன்னத்தைத் தடவினார். மற்ற வட்டாரப் பயிற்றுநர்கள் வரிசையாக வந்து கைகுலுக்கினார்கள்; அவருக்குக் கொடுத்த பிறகு பக்கத்தில் இருந்ததால் எனக்கும். என் முதுகில் சட்டை இருந்தது. முன்பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியாதே.

சாஃப்ட்பாலில் நம் அணி மட்டை பிடிக்கும்போது இரண்டு பயிற்றுநர்கள் களத்தில் நிற்கலாம். தலைமைப் பயிற்றுநர் மூன்றாம் பேஸ் பக்கம் நின்று தொப்பி, காது, முழங்கை என்று தொட்டுச் சைகை கொடுப்பார். அடிக்கவா, விடவா, தட்டவா என்பதை மட்டைக்காரி அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். துணைப் பயிற்றுநர் எதிரே முதல் பேஸ் பக்கம் நிற்பார். முதல் நாள் ஆட்டத்திலேயே கவனித்தேன். என் பள்ளிப் பிள்ளைகள் என் சைகையைப் பார்த்துவிட்டு மட்டையைத் தூக்குவார்கள். கூட்டு அணியில் பாதிப்பேர் ஜே.பி.காரரின் பிள்ளைகள். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், மரியாதையாக. பிறகு தலை மெல்ல முதல் பேஸ் பக்கம் திரும்பும். அவர் லேசாகக் கண்ணை மூடித் திறப்பார். அதன் பிறகுதான் மட்டை உயரும்.

அவர் என் சைகையை ஒருமுறைகூட மாற்றவில்லை. மாற்றியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நான் சொன்னதற்கெல்லாம் முத்திரை குத்தினார், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தலைகள் திரும்பும் ஒவ்வொரு முறையும் நான் காலால் மண்ணை எத்தினேன். அன்று மாலை விடுதியில் பிள்ளைகள் எதிரில் வைத்தே அவரிடம் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்து சீக்கிரமே அறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அரையிறுதி. கடைசிச் சுற்றில் ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தோம். மூன்று பேர் வெளியேறினால் ஆட்டம் முடிந்துவிடும்; ஒருத்தி வெளியேறியிருந்தாள். என் பக்கத்தில், மூன்றாம் பேஸில், என் பள்ளிப் பிள்ளை ஓடத் தயாராக நின்றாள். மட்டை பிடிக்க வந்தவள் ஜே.பி.காரரின் பிள்ளை, தமிழ்ப் பெண், ஒல்லி, பலமாக அடிப்பவள். அடிக்கவிடலாம். ஆனால் அன்று அவள் இரண்டுமுறை காற்றில் வீசிவிட்டுத் திரும்பியிருந்தாள். நான் தட்டச் சொன்னேன். மட்டையை வீசாமல் பந்தின் முன் பிடித்து, காலடியில் விழும்படி மெல்லத் தட்டவேண்டும். அவர்கள் ஓடிவந்து எடுப்பதற்குள் மூன்றாம் பேஸில் இருப்பவள் வீட்டுக்குள், அதாவது மட்டை பிடிக்கும் இடத்துக்குள், வந்துவிடுவாள். ஆட்டம் சமன்.

தொப்பி, காது, முழங்கை. அவள் பார்த்தாள். புருவம் சுருங்கியது. தலை முதல் பேஸ் பக்கம் திரும்பியது.

ஜே.பி.காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

காலணிக் கயிறு கட்டவில்லை, யாரோடும் பேசவில்லை. வலப்பக்க வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ இருப்பதைப்போல, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, அங்கே பார்த்து நின்றார். அவள் காத்திருந்தாள். நடுவர் அவளை உள்ளே வரச் சொன்னார். அவர் திரும்பவில்லை. வேறு வழியில்லாமல் அவள் மறுபடியும் என்னைப் பார்த்தாள். இந்த முறை உண்மையாகவே பார்த்தாள். என் முகத்தில் பதில் தேடினாள். நான் மறுபடியும் தொப்பியைத் தொட்டேன். காது. முழங்கை.

பந்து வந்தது. தட்டினாள். அது கீழே விழாமல் ஒரு சிறு குமிழிபோல் மேலே எழும்பியது. பந்தெறிந்தவள் இரண்டு அடி முன்னால் வந்து அதைக் கையில் வாங்கி, பதறாமல் மூன்றாம் பேஸுக்கு எறிந்தாள். என் பிள்ளை பாதித் தூரம் போயிருந்தாள். பந்து தரை தொடாமல் பிடிபட்டால் பேஸுக்குத் திரும்பியாக வேண்டும்; திரும்பிப் பாய்ந்தாள், போதவில்லை. இரண்டு பேரும் வெளியே. ஆட்டம் முடிந்தது.

மட்டைக்காரி தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஜே.பி.காரரிடம் ஓடினாள். "ஏன் கோச் திரும்பி நின்னீங்க? நான் கேட்டேன்ல! அடிக்கச் சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன்ல!"

"என்கிட்ட ஏம்மா கேக்குற? கோச் அங்க நிக்கிறாரு," என்றார் அவர், என்னைக் கைகாட்டி.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மரியாதை கொஞ்சமும் இல்லை. கவசத்தைத் தரையில் போட்டுவிட்டுக் கூடாரத்துக்குப் போனாள்.

செயலாளர் வந்து, தட்டச் சொன்னது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். "ஓ," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஜே.பி.காரர் எனக்கு ஒரு கரும்புச் சாறு வாங்கி வந்தார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். தாகம் விடவில்லை.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. நீங்களா இருந்தா தட்டச் சொல்லியிருப்பீங்களா?"

"இல்ல தம்பி. அடிக்க விட்டிருப்பேன்." தயங்காமல் சொன்னார்.

"அப்ப ஏன் திரும்பி நின்னீங்க? கொஞ்சம் தலையாட்டியிருந்தா அவ அடிச்சிருப்பாள்ல? நாம ஜெயிச்சிருக்கலாம்ல?"

"ஜெயிச்சிருக்கலாம்." உறிஞ்சுகுழலைக் கடித்தார். "நேத்தெல்லாம் அதுங்க என்னையே பாத்துச்சு. உங்க மூஞ்சி போன போக்கை நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன். எங்கப்பாவுக்குத் துணையா நான் ரெண்டு வருசம் நின்னிருக்கேன் தம்பி. ஒருத்தன் கோச்சுன்னா ஒருத்தன்தான் கோச்சு. தோத்தாலும்." பிறகு பந்துகளை எண்ணாமல் பையில் போட ஆரம்பித்தார். நானும் போட்டேன். இருவர் கையிலும் மண்.

மதியம் பேருந்து கிளம்பியது. பிள்ளைகள் வழியில் ஆயர் ஈத்தாம் ஊரைத் தாண்டுவதற்குள் தோல்வியை மறந்துவிட்டுப் பாட ஆரம்பித்திருந்தார்கள். அந்த ஒல்லிப் பெண் மட்டும் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். நான் ஆட்டத்தை மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டினேன். தொப்பி, காது, முழங்கை. அவளை அடிக்கவிட்டிருந்தால் என்று ஒரு கணக்கு. அவர் தலையாட்டியிருந்தால் என்று இன்னொரு கணக்கு. இரண்டாவது கணக்கில் ஜெயிக்கிறோம். ஆனால் அதில் ஜெயிப்பது நானில்லை. அதனால் மறுபடி முதல் கணக்குக்கே வந்தேன்.

அவர் இடத்தில் நான் நின்றிருந்தால் திரும்பியிருக்கமாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்க, அவரை மீறி நான் கண்ணசைக்க, ஊரே பார்க்க ஜெயிக்க என்று எத்தனை நாள் கனவு கண்டிருக்கிறேன். அவருக்கு அது கையில் வந்தது. வேண்டாம் என்று வேலியைப் பார்த்து நின்றுவிட்டார். சிங்கப்பூர் வேலையை உதறியதுபோல.

பக்கத்து இருக்கையில் அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பேருந்து குழியில் விழுந்து எழும்போதெல்லாம் தலை ஜன்னலில் இடித்தது; எழவில்லை. பத்து பாகாட் வரை நான் கண்ணை மூடவில்லை. அந்தத் தூக்கத்தின் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.